நாஞ்சில் நாட்டின் நவம்பர்

ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பெருமை உண்டு. ஜனவரி என்றால் பொங்கலும் குடியரசு தினமும். ஆகஸ்ட் என்றால் சுதந்திரம். அக்டோபர் என்றால் காந்தி. நவம்பர் என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கு நேரு மாமா நினைவுக்கு வருவார். ஆனால் இந்தியாவின் தென்கோடியில் இருக்கும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு நவம்பர் வெறும் குழந்தைகள் தின மாதம் அல்ல. அந்த மாவட்டமே பிறந்த மாதம் அது!

நவம்பரில் நாஞ்சில் நாட்டுக்குப் போனால் வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும். வயலில் கும்பப்பூ சாகுபடி பச்சைப் பிடித்து நிற்கும். மாதக் கடைசியில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறும். டிசம்பர் 3 வரை நாகர்கோவில் ஊரே திருவிழாக் கோலத்தில் இருக்கும். இது ஆண்டுதோறும் வரும் நவம்பர்.

வரலாற்றில் வந்த நவம்பர்கள் வேறு. சிரிக்க வைத்தே சிந்திக்க வைத்த ஒரு கலைஞன் பிறந்தது நவம்பரில். பூட்டிக் கிடந்த கோயில் வாசல்கள் எல்லோருக்கும் திறந்தது நவம்பரில். மாநில எல்லை மாறியது நவம்பரில். நூற்றுக்கணக்கான மீனவர்களைக் கடல் கொண்டுபோனதும் நவம்பரில்தான்.

இந்தத் தேதிகளைப் பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்துவிடலாம். 'அரசர் அறிவித்தார்', 'அரசு சட்டம் இயற்றியது' என்று எழுதியிருக்கும். படிப்பவர்களுக்கு மேலே இருந்த யாரோ மனமிரங்கி ஒரு நாள் காலையில் கொடுத்த பரிசு போலத் தோன்றும். உண்மை அதுவல்ல. ஒவ்வொரு தேதிக்குப் பின்னாலும் பல வருடப் போராட்டம் இருக்கிறது. அதை ஆண்டு வரிசையில் பார்ப்போம்.

நவம்பர் 29, 1908 : கலைவாணர் பிறந்தார்

நாகர்கோவிலில் பழையாற்றின் கரையில் இருக்கிறது ஒழுகினசேரி. அங்கே சுடலைமுத்துப் பிள்ளை, இசக்கியம்மாள் தம்பதிக்கு மகனாக 1908-ம் ஆண்டு நவம்பர் 29-ம் தேதி பிறந்தவர் என்.எஸ்.கிருஷ்ணன். பெயரில் உள்ள 'என்' நாகர்கோவிலையும் 'எஸ்' சுடலைமுத்துவையும் குறிக்கும். வறுமையான குடும்பம். படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்கப் போன பையன், விற்ற நேரம் போக மீதி நேரத்தில் மேடையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்படியே டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவுக்குள் போய்ச் சேர்ந்தான்.

அவர் பிறந்தபோது நாகர்கோவில் தமிழ்நாட்டில் இல்லை என்பதை இன்றைய தலைமுறையில் பலர் யோசித்திருக்க மாட்டார்கள். அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. மன்னர் இருந்தது திருவனந்தபுரத்தில். அலுவலகங்களில் மலையாளத்தின் ஆதிக்கம். வீட்டிலும் வயலிலும் கடையிலும் பேசியது தமிழ். அகஸ்தீஸ்வரம், தோவாளை என்ற இரண்டு தாலுகாக்கள்தான் சரியாகச் சொன்னால் நாஞ்சில் நாடு. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று அதற்குப் பெயர். அவர் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1906-ல்தான், பேச்சிப்பாறை அணை கட்டி முடிக்கப்பட்டிருந்தது.

அந்த நெற்களஞ்சியத்தில் எல்லோரும் ஒன்றாக நடக்க முடியாது. கோயிலுக்குள் சிலருக்கு அனுமதி கிடையாது. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவும் அனுமதி கிடையாது. அதற்கும் முந்தைய காலத்தில் சில சாதிப் பெண்கள் மேலாடை அணிவதற்கே தடை இருந்தது. பல ஆண்டுகள் நடந்த தோள்சீலைக் கலகத்துக்குப் பிறகு 1859 ஜூலையில்தான் அரசு ஆணை போட்டு அந்த உரிமையை ஒப்புக்கொண்டது. இதுதான் கலைவாணர் பிறந்த மண்.

நவம்பர் 12, 1936 : கோயில் வாசல் திறந்தது

கோயில் நுழைவு அறிவிப்புக்கு முன்னால் இன்னொரு நவம்பரைச் சொல்ல வேண்டும். வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய சாலைகளில் எல்லோரும் நடக்கும் உரிமைக்காக 1924 மார்ச் 30-ல் தொடங்கிய சத்தியாக்கிரகம், 1925 நவம்பர் 23-ல் முடிவுக்கு வந்தது. ஈரோட்டிலிருந்து போன பெரியார் அங்கே சிறைவாசம் அனுபவித்தது எல்லோருக்கும் தெரியும். சமரசத்தில் கிடைத்தது முழு வெற்றி அல்ல. மூன்று பக்கச் சாலைகள் திறந்தன, கிழக்குப் பக்கம் திறக்கவில்லை. கோயில் கதவைப் பற்றிப் பேச்சே இல்லை.

அந்தத் தீ அணைவதற்குள் நாஞ்சில் நாட்டில் பற்றியது. 1926-ல் சுசீந்திரத்தில் தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. நாகர்கோவில் மருத்துவர் எம்.எம்பெருமாள் நாயுடு அதன் முன்னணியில் இருந்தார். தொண்டர்கள் தெருமுனையில் நின்றார்கள், தடுக்கப்பட்டார்கள், மறுநாளும் வந்து நின்றார்கள். உடனே எதுவும் நடந்துவிடவில்லை. 1930-ல் மறுபடியும் போராட வேண்டியிருந்தது.

காந்தியடிகளின் அனுபவமும் இங்கே சொல்லத் தக்கது. வைக்கம் போராட்டக் காலத்தில், 1925-ல், அவர் கன்னியாகுமரிக்கு வந்தார். கடல் கடந்து இங்கிலாந்து போய் வந்தவர் என்ற காரணத்தால் பகவதி அம்மன் கோயிலின் உட்பகுதிக்குள் அவரை விடவில்லை. சுற்றி வர மட்டும் அனுமதித்தார்கள். காந்திக்கே அந்த நிலை என்றால் ஏரோட்டும் ஏழைக்கு என்ன நிலை என்று யோசித்துக்கொள்ளலாம்.

பதினோரு ஆண்டுகள் கழித்து 1936 நவம்பர் 12-ல் அந்த அறிவிப்பு வந்தது. மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மா தம் பிறந்த நாளையொட்டி வெளியிட்டார். அவர் பிறந்ததும் ஒரு நவம்பரில்தான் (1912 நவம்பர் 7). அறிவிப்பு வந்தபோது அவருக்கு வயது 24. திவானாக இருந்தவர் சி.பி.ராமசாமி ஐயர். பிறப்பாலோ சமயத்தாலோ இந்துவாக உள்ள எவருக்கும் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள கோயில்களில் நுழையவும் வழிபடவும் இனித் தடை இல்லை என்பது அதன் சாரம்.

ஒரே ஆணையில் சுசீந்திரமும் கன்னியாகுமரியும் நாகராஜா கோயிலும் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் திறந்தன. இந்தியா முழுவதும் அதிசயமாகப் பேசப்பட்ட செய்தி இது. அப்போது பக்கத்து மதராஸ் மாகாணத்தில் இந்த நிலை இல்லை. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு நுழைந்தது 1939 ஜூலை 8-ல். அதாவது, நாஞ்சில் நாட்டுக்கு இரண்டரை ஆண்டுகளுக்கும் மேல் பிந்தி! 1937 ஜனவரியில் காந்தி மீண்டும் திருவிதாங்கூர் வந்து, திறந்த கோயில்களுக்கு எல்லா மக்களோடும் சேர்ந்து போனார்.

மன்னரின் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் சுசீந்திரம் தெருமுனையில் பத்து ஆண்டுகளுக்கு முன் நின்ற பெயர் தெரியாத தொண்டர்கள் இல்லாவிட்டால் அப்படி ஓர் ஆணையை எழுதும் தேவையே மன்னருக்கு வந்திருக்காது.

நவம்பர் 8, 1944 : கலைவாணரைச் சிறைக்கு அனுப்பிய நவம்பர்

கோயில்கள் திறந்த அதே 1936-ல்தான் என்.எஸ்.கிருஷ்ணன் நடித்த 'சதிலீலாவதி' படமும் வெளிவந்தது. அதன் பிறகு சில ஆண்டுகளில் அவரும் டி.ஏ.மதுரமும் சேர்ந்து வராத படமே இல்லை என்ற நிலை. படத்தின் கதை யாருடையதாக இருந்தாலும் நகைச்சுவைப் பகுதியைத் தானே தனியாக அமைத்துக் கொடுப்பார். அதில் குடி, மூடநம்பிக்கை, சாதி எல்லாவற்றையும் கேலி செய்வார். யார் மனதும் புண்படாத கேலி. அடி வாங்கியவரும் சிரித்துவிட்டுத்தான் போவார்.

புகழின் உச்சியில் இருந்தபோது இடி விழுந்தது. சென்னையில் சினிமாக்காரர்களைப் பற்றி மஞ்சள் பத்திரிகை நடத்திவந்த லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8-ல் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடு தோற்றது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் கழிந்துவிட்டது.

வெளியே வந்த பாகவதரால் பழைய இடத்தைப் பிடிக்க முடியவில்லை. கலைவாணர் எழுந்து நின்றார். அதே 1947-ல்தான் பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் 'கலைவாணர்' என்ற பட்டத்தைக் கொடுத்தார். 1949-ல் அண்ணாவின் எழுத்தில் வந்த 'நல்லதம்பி' படத்தில் 'கிந்தனார்' காலட்சேபத்தைச் செய்தார். உடுமலை நாராயண கவி எழுதியது. நந்தனார் கதை எல்லோருக்கும் தெரிந்தது: சிதம்பரம் போய் நடராஜரைத் தரிசிக்க ஏங்கிய பக்தனின் கதை. கிந்தனார் கதையில் வருபவன் ஏங்குவது கோயிலுக்கு அல்ல, படிப்புக்கு. தாழ்த்தப்பட்ட குடும்பத்துச் சிறுவன் பட்டணம் போய்ப் படித்து, அதிகாரியாகத் திரும்பி வருகிறான். கோயில் வாசல் திறந்தால் மட்டும் போதாது, பள்ளிக்கூட வாசலும் திறக்க வேண்டும் என்பதை இதைவிட எளிமையாக யாரும் சொன்னதில்லை. பள்ளிப் படிப்பை முடிக்க முடியாத ஒருவர் சொன்னார் என்பதுதான் இதில் விசேஷம்.

நவம்பர் 1, 1956 : குமரி மாவட்டம் பிறந்தது

நாடு சுதந்திரம் அடைந்தது. சமஸ்தானங்கள் இந்தியாவோடு சேர்ந்தன. 1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகித் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் ஆனது. தமிழர் பகுதிகளின் நிலை மட்டும் அப்படியே இருந்தது.

தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையோடு 1945 டிசம்பரில் நாகர்கோவிலில் ஓர் அமைப்பு தொடங்கியது. அதுவே பின்பு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆனது. இந்தப் போராட்டத்தின் பெருந்தலைவர் ஏ.நேசமணி. 1895 ஜூன் 12-ல் விளவங்கோடு தாலுகா பள்ளியாடியில் பிறந்த வழக்கறிஞர். நாகர்கோவில் நீதிமன்றத்தில் சாதி பார்த்து இருக்கை போடும் வழக்கத்தை அவர் எதிர்த்து ஒழித்த கதையை ஊரில் இன்றும் சொல்வதுண்டு. மக்கள் அவரை 'மார்ஷல்' என்றே அழைத்தார்கள். அவரோடு தாணுலிங்க நாடார், குஞ்சன் நாடார் போன்ற தலைவர்களும் நின்றார்கள். சென்னையிலிருந்து ம.பொ.சி. குரல் கொடுத்தார்.

போராட்டம் மேடைப் பேச்சோடு நிற்கவில்லை. 1948-லேயே மங்காடு தேவசகாயமும் கீழ்க்குளம் செல்லையனும் உயிர்ப்பலி ஆனார்கள். 1954 தேர்தலில் தமிழ்நாடு காங்கிரஸ் 12 இடங்களில் வென்றது. ஆட்சிக்கு வந்தவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 11-ம் தேதியை விடுதலை நாளாகக் கொண்டாடத் தமிழர்கள் முடிவு செய்தார்கள். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. பலர் இறந்தார்கள். முதல்வரின் சொந்தக் கட்சித் தலைவர்களில் ஒருவரான ராம் மனோகர் லோகியாவே அவரைப் பதவி விலகச் சொன்னார். ஒரு அரசியல் தலைவர் தன் கட்சியின் முதல்வரைப் பார்த்து இப்படிச் சொல்வது இன்று நினைத்துப் பார்க்கவும் முடியாதது!

பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955-ல் அறிக்கை கொடுத்தது. அதன்படி 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. செங்கோட்டை, திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. அப்போது சென்னை மாநில முதல்வர் காமராஜர். கேரளம் என்ற மாநிலம் பிறந்ததும் அதே நாளில்தான். ஒரே காலையில் எல்லைக் கோட்டின் இரண்டு பக்கமும் பிறந்தநாள்!

கேட்டது எல்லாம் கிடைத்ததா என்றால் இல்லை. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை, சித்தூர் ஆகியவை கேரளத்திலேயே நின்றுவிட்டன. முல்லைப் பெரியாறு அணை இருப்பது பீர்மேடு பகுதியில் என்பதை நினைத்தால் இதன் விலை புரியும். விளவங்கோடு தாலுகாவின் வயல்களுக்கு நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004-ல் நிறுத்தப்பட்டது. எல்லை மாறிய கணக்கில் வரவும் உண்டு, செலவும் உண்டு.

ஆனால் கோடு போட்டதால் உறவு அறுந்துவிடவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், பராமரிப்பது கேரள அரசு. ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரம் சரஸ்வதியும் குமாரகோவில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இன்றும் எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போய் வருகிறார்கள்.

அந்த 1956 நவம்பர் 1-ல் கலைவாணருக்கு 48 வயது நிறைய இன்னும் 28 நாட்களே இருந்தன. அவர் பிறந்த ஒழுகினசேரி அன்றுதான் தமிழகத்துக்குள் வந்தது. ஆனால் அதற்குப் பின் பத்து மாதம்கூட அவர் உயிரோடு இல்லை. 1957 ஆகஸ்ட் 30-ல் காலமானார். சம்பாதித்ததை எல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு போனவர். நேசமணி 1968 ஜூன் 1 வரை வாழ்ந்தார்.

நவம்பர் 30, 2017 : ஒக்கி

இந்த மாதத்தின் கதையை இங்கேயே மகிழ்ச்சியாக முடித்திருக்கலாம். 2017-க்குப் பிறகு அது முடியாது.

கலைவாணரின் 109-வது பிறந்தநாளான நவம்பர் 29-ல் இலங்கைக்கு அருகே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. மறுநாள் காலைக்குள் அது குமரிக் கடலில் புயலாகிவிட்டது. வங்கதேசம் கொடுத்த பெயர் ஒக்கி. வங்காள மொழியில் 'கண்' என்று பொருள். சாதாரணமாகப் புயல் என்றால் நாலைந்து நாள் முன்பே செய்தி வரும். இது ஒரே நாளில் வளர்ந்தது. புயல் என்ற எச்சரிக்கை நவம்பர் 30-ல்தான் வந்தது.

கரையில் இருந்தவர்களுக்குச் சேதம் பெரிது. வாழை, ரப்பர், தென்னை, மின்கம்பம் எல்லாம் சாய்ந்தன. பல ஊர்கள் பல நாட்கள் இருட்டில் கிடந்தன. ஆனால் அவர்களால் வீட்டுக்குள் இருக்க முடிந்தது. கடலில் இருந்தவர்கள் எங்கே போவார்கள்? தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை, இரவிபுத்தன்துறை, மார்த்தாண்டன்துறை, நீரோடி ஆகிய ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். ஒருமுறை கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். லட்சத்தீவு தாண்டி மகாராஷ்டிரம், குஜராத் வரைக்கும் போவார்கள். எச்சரிக்கை வந்தபோது அது போய்ச் சேராத தூரத்தில் பலர் இருந்தார்கள்.

தமிழ்நாடு, கேரளம் இரண்டிலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் மாண்டார்கள். பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. தேடுதலைத் தீவிரமாக்கக் கோரி டிசம்பர் 7-ல் கடற்கரை ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் நடந்து வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவரை இறந்தவராகக் கருதச் சட்டப்படி ஏழு ஆண்டு ஆக வேண்டும். அந்தக் காத்திருப்பு இல்லாமல் நிவாரணம் கொடுக்க அரசு ஒப்புக்கொண்டதற்குப் பின்னாலும் அந்த மக்களின் குரல் இருந்தது. ஆழ்கடல் படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை அனுப்பும் கருவிகள் பற்றி அரசுகள் வேகமாக யோசிக்கத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான்.

1956-ல் போட்ட கோடு கரையோடு நின்றுவிட்டது. கடலில் கோடு கிடையாது. ஒரே படகில் குமரி மீனவரும் கேரள மீனவரும் சேர்ந்து போனார்கள், சேர்ந்தே மறைந்தார்கள். கோடு தாண்டி இரண்டு பக்கமும் ஒரே அழுகை.

தேதியும் விலையும்

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் பிடித்தது கன்னியாகுமரி மாவட்டம் (91.75 சதவீதம்). கிந்தனார் கதை பாடியவர் இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நான்கு தாலுகாக்கள் ஆறு ஆகிவிட்டன. நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆனது. தமிழ்நாடு நாளாக ஜூலை 18-ஐக் கொண்டாடுவதாக மாநில அரசு 2021-ல் அறிவித்துவிட்டது. இருந்தாலும் குமரி மாவட்டத்துக்கு நவம்பர் 1 தனி நாள்தான். அன்று நேசமணி சிலைக்கு மாலை விழும்.

கோயில் திறந்த நாள் நவம்பர் 12. அதற்கு விலை கொடுத்த நாட்கள் 1926-லும் 1930-லும் சுசீந்திரம் தெருவில் கழிந்தன. மாவட்டம் பிறந்த நாள் நவம்பர் 1. அதற்கு விலை கொடுத்த நாள் ஆகஸ்ட் 11. ஒக்கியில் மட்டும் வரிசை மாறிப்போனது. விலையை முதலில் கொடுத்தார்கள், கருவியும் திட்டமும் பின்னால் வந்தன. இனி ஒரு நவம்பரில் அந்த வரிசை மாறக் கூடாது.

நவம்பர் 29-ல் கலைவாணர் படத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். மறுநாள் தூத்தூர்க் கடற்கரையை நினைத்து ஒரு நிமிடம் அமைதியாக இருக்கலாம். நாஞ்சில் நாட்டு நவம்பருக்கு இரண்டும் சேர்ந்ததுதான் மரியாதை.